கடமையா, கூலியா: இடைக்கால இங்கிலாந்து படை திரட்டிய வழிகள்

1300-ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின் மீது படையெடுத்துச் சென்றபோது, ஜூலை நடுவில் அவரிடம் சுமார் 9,000 காலாட்கள் இருந்தனர். ஆகஸ்டு நடுவில் அவர்களில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்தான். கேர்லாவரக் என்ற சிறு கோட்டையை முற்றுகையிட்டதைத் தவிரப் பெரிய சண்டை எதுவும் நடந்திருக்கவில்லை. ஆட்கள் வீடு திரும்பிவிட்டார்கள், அவ்வளவுதான். ஊரிலிருந்து பிடித்து அனுப்பப்பட்டவர்களை, அதாவது ஊர்ப்படையை, நம்பிப் போர் நடத்துவதில் இருந்த இந்தச் சிக்கலுக்கு அடுத்த நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்ட விடைதான், கூலி பேசி ஆள் சேர்க்கும் ஒப்பந்தப் படை. போர்க்களத்தைப் பொறுத்தவரை புதிய முறையே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் களத்துக்கு வெளியே, வயலிலும் வீட்டிலும், எந்த முறை யாரிடம் எதை எடுத்துக்கொண்டது என்று கணக்குப் பார்த்தால் விடை அத்தனை எளிதாக இல்லை.

இவ்விரண்டுக்கும் முந்தைய மானியப் படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1066-இல் நார்மன்கள் நாட்டைக் கைப்பற்றிய பின், நிலம் பெற்ற பிரபுக்கள் அதற்கு ஈடாகக் குதிரைவீரர்களான நைட்டுகளை ஆண்டுக்கு 40 நாள் அரசனுக்கு அனுப்பவேண்டும் என்பது வழக்கமாயிற்று. நாற்பது நாளில் கடல் கடந்து பிரான்சின் நார்மண்டிக்குப் போய்ப் போரிட்டுத் திரும்புவது நடவாத காரியம் என்பதால், 12-ஆம் நூற்றாண்டிலேயே ஆளுக்குப் பதில் 'கேடயப் பணம்' வாங்கும் வழக்கம் பரவியது. இந்தப் பணத்தை நாட்டின் பொது ஆலோசனையின்றி வசூலிக்கக் கூடாது என்று அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-இன் மாக்னா கார்ட்டா சாசனம் கட்டுப்படுத்தும் அளவுக்கு அது பெருந்தொல்லையாகவும் மாறியிருந்தது. மானியப் படைக்கான கடைசி அழைப்பு 1385-இல் விடுக்கப்பட்டாலும், அதற்கு வெகு முன்பே அந்த முறை பெயரளவில்தான் உயிரோடு இருந்தது.

ஊர்ப்படையின் அடிப்படை வேறு. 15 வயது முதல் 60 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணும் தன் சொத்துக்கேற்ற ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று 1285-இன் வின்செஸ்டர் சட்டம் கட்டளையிட்டது. 15 பவுண்டு வருமானமுள்ள நிலம் வைத்திருப்பவன் இரும்பு வளையக் கவசம், இரும்புத் தொப்பி, வாள், கத்தி, குதிரை ஆகியவற்றோடு நிற்க வேண்டும். அடிமட்டத்தில் இருப்பவனுக்கு வில்லும் அம்பும் போதும். ஆண்டுக்கு இருமுறை வட்டாரக் காவலர்கள் வந்து இவற்றைப் பார்வையிடுவார்கள். போர் வந்தால் அரசனின் ஆணையர்கள் கவுண்டி எனப்படும் மாவட்டந்தோறும் வந்து ஆட்களைப் பொறுக்குவார்கள். பெரும்பாலும் கவுண்டி எல்லைவரை செலவு ஊருடையது, அதற்கப்பால் அரசனின் கூலி. எங்கும் நடப்பதுபோல் இங்கும் கையூட்டுக் கொடுக்க முடிந்தவன் பட்டியலிலிருந்து நழுவினான், முடியாதவன் நடந்தான்.

ஆட்கள் மட்டும் போகவில்லை என்பதுதான் கிராமத்துக்குக் கூடுதல் வலி. படைக்கான தானியம், இறைச்சி, வண்டி, குதிரை ஆகியவற்றை அரசனின் கொள்முதல்காரர்கள் தாங்களே விலை வைத்து எடுத்துச் சென்றார்கள். பணத்துக்குப் பதில் பெரும்பாலும் வெட்டுக்குறி போட்டு நெடுக்காகப் பிளந்த ஒரு மரக்குச்சியின் பாதியே உழவனுக்குக் கிடைத்தது. மறு பாதி அதிகாரியிடம் இருக்கும். இரண்டும் பொருந்தினால் கடன் உண்மை என்று அர்த்தம். அந்தக் கடன் தாமதமாகத் தீர்க்கப்பட்டது, பல வேளைகளில் தீர்க்கப்படவே இல்லை. 1362-இல் கொள்முதலைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தபோது, மக்கள் வெறுத்த அந்தப் பதவிப் பெயரையே 'வாங்குபவர்' என்று மாற்றவேண்டியிருந்தது. பெயர் மாறியதால் நெல்லளக்கும் கை மாறிவிடுமா என்ன?

ஆயினும் ஊர்ப்படைக்கு ஒரு நற்குணம் இருந்தது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரைக் காப்பதற்கு அது பொருத்தமான படை. ஊரைவிட்டு வெகுதூரம் போக மறுத்தது. திடீரென்று பகைவர் படையெடுத்து வந்தாலன்றித் தம் கவுண்டிக்கு வெளியே யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது என்று 1327-இலும், நிலமானியக் கடமையோ நாடாளுமன்ற ஒப்புதலோ இல்லாமல் ஆட்களைத் தரச்சொல்லக் கூடாது என்று 1352-இலும் சட்டம் பெற முடிந்தது. 1346 அக்டோபரில் அரசர் மூன்றாம் எட்வர்டு பிரான்சின் கலே துறைமுகத்தை முற்றுகையிட்டுக் கொண்டிருக்கையில், வட கவுண்டிகளின் படை யார்க் பேராயர் முதலியோரின் தலைமையில் டர்ஹம் அருகே நெவில்ஸ் கிராஸில் ஸ்காட்லாந்தியரைத் தோற்கடித்து, அவர்களுடைய அரசன் இரண்டாம் டேவிட்டையே சிறைப்பிடித்தது. அரசன் இல்லாமல், தம் வாசலில் வந்து நின்ற பகைவனை எதிர்த்தபோது அதே முறை இப்படி வேலை செய்தது.

ஒப்பந்தப் படை இதற்கு நேரெதிர். தலைவன் ஒருவன் கவசமணிந்து போரிடும் ஆயுதவீரர் இத்தனை, வில்லாளிகள் இத்தனை, இத்தனை மாதம் என்று அரசனோடு உடன்படிக்கை செய்துகொள்வான். ஒரே தோல் தாளில் அதன் வாசகம் இருமுறை எழுதப்பட்டு, நடுவே பல்பல்லாக வளைத்து வெட்டப்படும். ஒரு பாதி தலைவனுக்கு, மறு பாதி அரசனின் அலுவலகத்துக்கு. உழவனின் மரக்குச்சியும் இந்தத் தோல் தாளும் ஒரே தத்துவத்தில் பிறந்தவை. ஆனால் தாள் வைத்திருந்தவனுக்குக் கிடைத்த மரியாதை வேறு. 1415-இல் ஐந்தாம் ஹென்றி பிரான்சுக்குப் புறப்படுமுன், முதல் காலாண்டுக் கூலியை முன்பணமாகக் கொடுத்ததோடு, இரண்டாம் காலாண்டுக்குக் கையில் ரொக்கம் இல்லாத நிலையில் அரச நகைகளையே தலைவர்களிடம் அடகு வைத்தார். குச்சியை நீட்டிய உழவனுக்கு எந்த அரசனும் நகை அடகு வைக்கவில்லை.

கூலியைப் பார்த்தால் ஆட்கள் ஏன் தாமாக வந்தார்கள் என்பது புரியும். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அந்த 1415 படையெடுப்பில் அகின்கோர்ட் சண்டை நடந்த காலத்தில் வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்னி, ஆயுதவீரனுக்கு 12, நைட்டுக்கு 2 ஷில்லிங். கொள்ளைநோய்க்குப் பின் கூலியை அடக்கக் கொண்டுவந்த 1351-இன் சட்டப்படி, தலைமைத் தச்சனுக்கு நாளுக்கு 3 பென்னிதான். புல் அறுப்பவனுக்கு 5 பென்னி, அதுவும் அறுவடைப் பருவத்தில் மட்டும். வில்லாளிக்கோ ஞாயிறும் கூலி நாளே. ஆண்டு முழுவதும் ஒருவன் பணியில் இருந்தால் 9 பவுண்டுக்கு மேல் கணக்கில் சேரும். போதாக்குறைக்குக் கொள்ளையும், பிடிபட்ட பகைவனை விடுவிக்க வாங்கும் மீட்புத்தொகையும் உண்டு. வீரனின் ஆதாயத்தில் மூன்றிலொரு பங்கு தலைவனுக்கு, தலைவனுடையதில் மூன்றிலொரு பங்கு அரசனுக்கு என்று அதற்கும் ஒப்பந்தத்தில் விதி இருந்தது. கடல் கடந்து போனவன் ஓடிவர வழியில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓடிவர அவனுக்குக் காரணமும் குறைவாகவே இருந்தது.

ஆக, விருப்பமில்லாதவனை வயலிலிருந்து இழுத்துப் போவது குறைந்தது. சுமையோ குறையவில்லை, அதன் வடிவம்தான் மாறியது. ஆளாகக் கொடுத்ததைக் கிராமம் இப்போது காசாகக் கொடுத்தது. 1377-இல் தலைக்கு 4 பென்னி என்று தொடங்கிய தலைவரி, 1380-இன் இறுதியில் 15 வயது கடந்த எல்லோருக்கும் தலைக்கு ஒரு ஷில்லிங் என்று உயர்ந்தது. பணம் பிரான்சில் தோல்விகளாகக் கரைந்துகொண்டிருக்க, ரை, ஹேஸ்டிங்ஸ் போன்ற தென்கரை ஊர்கள் 1377-இல் பிரெஞ்சுக் கப்பல்களின் தாக்குதலில் எரிந்தன. 1381-இல் எஸ்ஸெக்ஸ், கென்ட் கவுண்டிகள் கொதித்தெழுந்ததற்குப் பண்ணையடிமைத்தனம் முதலிய பழைய குறைகள் பல இருந்தாலும், வரியைத் தண்ட வந்த அதிகாரிகளை எதிர்த்துத்தான் அது வெடித்தது. இன்னொரு பக்கம், வரிக்குச் சம்மதம் தேவை என்பதாலேயே நாடாளுமன்றத்தின் கீழவை வலுப்பெற்றது. இதை ஒப்பந்த முறையின் வரவுப் பக்கத்தில் எழுதுவதுதான் நியாயம், அரசர்கள் அதை விரும்பிக் கொடுக்கவில்லை என்றபோதிலும்.

செலவுப் பக்கத்தில் எழுதவேண்டியது வேறொன்று. ஊர்ப்படைக்காரன் போர் முடிந்ததும் மறுபடி உழவனாகிவிடுவான். ஒப்பந்த வீரனுக்குப் போரே பிழைப்பு. அவனுடைய தலைவனுக்கு ஆள் சேர்ப்பதே செல்வாக்கு. 1450-இல் நார்மண்டியும் 1453-இல் தென்மேற்குப் பிரான்சின் காஸ்கனியும் கைவிட்டுப் போனபின், தம் சின்னம் பொறித்த உடையை ஆட்களுக்குக் கொடுத்து வைத்திருந்த பிரபுக்கள் அந்தப் பழக்கத்தை உள்நாட்டில் தொடர்ந்தார்கள். இத்தகைய அணிகளைத் தடைசெய்து 1390 முதலே சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. திரும்பத் திரும்ப வந்ததே அவை எவ்வளவு மதிக்கப்பட்டன என்பதைக் காட்டும்.

நார்ஃபோக் கடற்கரையருகே கெய்ஸ்டர் என்ற ஊரில் இதைக் கண்முன் காணலாம். சிறு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்த ஜான் ஃபாஸ்டால்ஃப் பிரான்சுப் போரில் பல்லாண்டு தலைவராக இருந்து, 1424-இன் வெர்னோய் வெற்றி போன்றவற்றால் பெரும்பொருள் ஈட்டி, அந்தப் பணத்தில் அகழி சூழ்ந்த செங்கல் கோட்டை ஒன்றை அங்கே எழுப்பினார். 1459-இல் அவர் பிள்ளையில்லாமல் இறந்தபின், உயில் தங்களுக்கே என்று பாஸ்டன் குடும்பம் கோட்டையில் குடியேறியது. நார்ஃபோக் கோமகனுக்கும் அதன்மேல் கண். நீதிமன்றத்துக்குக் காத்திராமல் 1469 ஆகஸ்டில் அவர் சுமார் 3,000 பேரோடு வந்து கோட்டையைச் சூழ்ந்தார். உள்ளே ஏறத்தாழ 30 பேர். ஐந்து வாரம் தாக்குப்பிடித்த பிறகு, உணவும் வெடிமருந்தும் தீர்ந்துபோய், செப்டம்பர் இறுதியில், உள்ளிருந்து கோட்டையைக் காத்த இளைய ஜான் பாஸ்டன் கதவைத் திறந்துவிட்டார்.