லிச்செஸ்ல 5 வருஷம்: என் ஆட்டம் எப்டி, பலம் எங்க, ஓட்டை எங்க

2020 லாக்டவுன்ல வீட்லயே முடங்கிக் கிடந்தப்ப தூத்துக்குடில இருக்குற எங்க மாமா போன் பண்ணி "மாப்ள, லிச்செஸ்னு ஒரு செஸ் வெப்சைட் இருக்கு, காசும் கேக்காது விளம்பரமும் வராது, ஒரு ஐடி போட்டுட்டு வா, ரெண்டு ஆட்டம் போடுவோம்"னார். சின்ன வயசுல லீவுக்குப் போறப்பல்லாம் திண்ணைல உக்கார வச்சு எனக்கு காய் நகர்த்த சொல்லிக் குடுத்ததே அவர்தான், அதனால மறு பேச்சு இல்லாம போட்டுட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்சது 5 வருஷம் தாண்டிருச்சு, ரேப்பிட் (கொஞ்சம் நிதானமா ஆடுற ஆட்டம்) மட்டுமே 3000 கேமுக்கு மேல, பிளிட்ஸ் (சில நிமிஷத்துல முடியிற வேக ஆட்டம்) அதுக்கும் மேல. புதுசா வர்ற எல்லாருக்கும் 1500னு ஒரு ரேட்டிங் (ஆட்டத் தரத்துக்கான புள்ளி) பக்கத்துல கேள்விக்குறியோட குடுப்பாங்க, நான் முத வாரத்துலயே 1250க்கு இறங்கி, அங்கருந்து மெல்ல ஏறி இப்ப ரேப்பிட்ல 1850 பக்கம் நிக்கிறேன். இந்த 5 வருஷத்துல என் ஆட்டத்தப் பத்தி நான் என்ன நினைச்சேன், உண்மைல அது எப்டி இருந்துச்சுன்னு ஒரு தடவ முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

மொதல்ல லிச்செஸ் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா அது இல்லாம இதுல பாதி எனக்குத் தெரிஞ்சிருக்காது. 2010ல திபோ டுப்ளெஸினு ஒரு பிரெஞ்சு புரோகிராமர் ஆரம்பிச்சது, இப்ப வரைக்கும் ஜனங்க குடுக்குற நன்கொடைலயே ஓடுது, கோடு முழுக்க ஓப்பன் சோர்ஸ். ஆட்டம் முடிஞ்சதும் ஒரு பட்டன தட்டினா ஸ்டாக்ஃபிஷ்னு ஒரு செஸ் இன்ஜின் (ஆட்டத்த அலசுற புரோகிராம்) வந்து ஒவ்வொரு மூவுக்கும் மார்க் போட்டு எது சின்ன தப்பு, எது பெரிய தப்பு, எது பிளண்டர்ங்கற படு மோசமான தப்புன்னு காட்டிரும், அதோட ஒவ்வொரு மூவுக்கும் நீங்க எத்தன செகண்ட் எடுத்தீங்கன்னும் பக்கத்துலயே இருக்கும். இந்த கடைசி விஷயத்த நிறைய பேர் கண்டுக்கவே மாட்டாங்க, நானும் 3 வருஷம் கண்டுக்கல. ஆனா என் ஆட்டத்தப் பத்தின பெரிய உண்மை அங்கதான் கிடந்துச்சு.

ஆரம்பத்துல என்ன யாராச்சும் கேட்டிருந்தா "நான் அட்டாக்கிங் பிளேயர்"னு சொல்லிருப்பேன், அத நான் முழுசா நம்புனேன். வெள்ளைக் காய்னா இ4 (போர்டுல ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்டி எழுத்தும் நம்பருமா பேரு), இத்தாலியன் ஓப்பனிங் (ஆட்டத்த தொடங்குற ஒரு முறை), எதிராளி குதிரைய எஃப்6ல வச்சா என் குதிர நேரா ஜி5க்குப் போயிரும், எஃப்7க்கு குறி. அவன் டி5, நான் சிப்பாயால வெட்டுவேன், அவன் யோசிக்காம குதிரையால திரும்ப வெட்டினான்னா அவ்ளோதான், என் குதிர எஃப்7ல பாயும், அவன் ராஜா வெளிய வந்து குதிரைய எடுத்தாகணும், ராணி எஃப்3ல செக், அந்த ராஜா போர்டுக்கு நடுவுல வந்து நிக்கும். ஃப்ரைட் லிவர்னு பேரு, இத ஆட தெரியாத ஆன்லைன் பிளேயரே கிடையாது. 1400, 1500 வரைக்கும் இதுலயே அவ்ளோ கேம் ஜெயிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவயும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், அந்த சந்தோஷத்த நான் குறைச்சு சொல்ல மாட்டேன்.

ஆனா 1650 தாண்டுனப்புறம் எதிர்ல ஆடுறவங்க குதிரையால திரும்ப வெட்டுறத நிறுத்திட்டாங்க. இன்னொரு குதிரைய ஏ5க்கு வச்சு என் பிஷப்ப மிரட்டுவாங்க, நான் பி5ல செக் வைப்பேன், அவங்க சி6, ஒரு சிப்பாய் எனக்கு கூட கிடைக்கும், ஆனா அதுக்கப்புறம் எச்6, இ4ன்னு என் குதிரையையும் பிஷப்பையும் ஓட ஓட விரட்டி, அவங்க காயெல்லாம் வெளிய வந்து வரிசையா நிக்கும், என்னோடது பாதி வீட்டுக்குள்ளயே இருக்கும். அங்க எனக்கு என்ன பண்றதுன்னே தெரியாது. லிச்செஸ்ல எந்தத் தொடக்கத்துல எத்தன ஜெயிச்சோம்னு காட்டுற ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர்ல என் பேரப் போட்டுப் பாத்தப்ப அந்த லைன்ல நான் ஜெயிச்சத விட தோத்தது அதிகம். எதிராளி தப்பு பண்ணாத்தான் என் அட்டாக் வேலை செய்யுதுன்னா அதுக்கு அட்டாக்னு எப்டி பேர் வைக்கிறது?

மாமா இத எனக்கு முன்னாடியே சொல்லிட்டார். நாங்க நைட் 9 மணிக்கு மேல 15+10ல (ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 10 செகண்ட் கூட) ஒரு ஆட்டம் போடுவோம், அவர் வீட்ல சாப்பாடு முடிஞ்சு ஈஸி சேர்ல உக்காந்துருப்பார். ஒரு நாள் அவர் என்ன விட ஒரு காய் கூட வச்சிருந்தார், அந்த ஆட்டத்த நான் 70 மூவ் வரைக்கும் இழுத்து டிரா பண்ணிட்டேன். உடனே போன் வந்துச்சு. "மாப்ள, தோக்குறப்ப நீ ஆடுற ஆட்டம் இருக்கே, அத ஜெயிக்கிறப்ப ஏன் ஆட மாட்டேங்குற?" நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அந்த வார்த்தை மட்டும் போகல, மனசுல உக்காந்துகிட்டே இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டும் பேனாவும் எடுத்துகிட்டு நான் கடைசியா தோத்த 50 ரேப்பிட் கேமையும் ஒன்னொன்னா திறந்தேன், காலைல உக்காந்தது, எந்திரிக்கிறப்ப சாயங்காலம் ஆயிருச்சு. 50ல 22 கேம்ல ஏதோ ஒரு கட்டத்துல நான் தெளிவா ஜெயிச்சுட்டு இருந்திருக்கேன், ஒரு காயோ ரெண்டு சிப்பாயோ கூட. அந்த 22லயும் ஆட்டம் கை மாறுன மூவ தேடி அதுக்கு நான் எத்தன செகண்ட் எடுத்தேன்னு பக்கத்துல குறிச்சேன். 2, 4, 3, 2, 6, 3ன்னு போகுது அந்த வரிசை. கடிகாரத்துல 8 நிமிஷம் 10 நிமிஷம் மிச்சம் இருக்கு, நேரமே பிரச்சினை இல்ல. அதே கேம்கள்ல நான் அடி வாங்கிட்டு இருந்தப்ப ஒரு மூவுக்கு 40 செகண்ட், 1 நிமிஷம்னு உக்காந்து யோசிச்சிருக்கேன். மாமா சொன்னது அப்டியே எண்ணிக்கைல வந்து நின்னுச்சு.

ஒன்ன மட்டும் விவரமா சொல்றேன். வெள்ளை எனக்கு, ஒரு குதிர கூட இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒரு யானைதான் மிச்சம். என் யானை டி1ல, ராஜா கேஸ்லிங் பண்ணி ஜி1ல, முன்னாடி எஃப்2, ஜி2, எச்2 மூனு சிப்பாயும் ஆட்டம் ஆரம்பிச்சதுலருந்து நகரவே இல்ல. டி7க்குப் போனா பி7 சிப்பாய் கிடைக்கும், 2 செகண்ட்ல யானைய தூக்கி டி7ல வச்சேன். இ8ல நின்ன அவன் யானை நேரா இ1க்கு வந்துச்சு, மேட். கூட இருந்த குதிர சி5ல சும்மா நின்னு பாத்துட்டு இருக்கு. கடிகாரத்துல எனக்கு 9 நிமிஷம் 40 செகண்ட். இப்டி கடைசி வரிசைல ராஜா மாட்டிக்கிற பேக் ரேங்க் மேட் பஸில் நான் நூத்துக்கணக்குல போட்டிருக்கேன், பஸிலா வந்திருந்தா 1 செகண்ட்ல அடிச்சிருப்பேன். ஆனா பஸில்ல "இங்க ஏதோ இருக்கு"ன்னு முதல்லயே தெரியும், ஆட்டத்துல உங்கள தட்டி எழுப்ப யாரும் இல்ல. அதுலயும் பஸில் பெரும்பாலும் நம்ம அடிக்கிற பக்கத்துலருந்துதான் வரும், அவன் நம்மள அடிக்கப் போறத பாக்குற பழக்கம் அதுல அவ்ளோவா வளராது. என் பஸில் ரேட்டிங்குக்கும் கேம் ரேட்டிங்குக்கும் எப்பவும் பெரிய இடைவெளி இருக்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நம்புறேன்.

சரி, பலம் என்னன்னா தடுத்து ஆடுறது. இத ஏத்துக்கறதுக்கே எனக்கு கொஞ்சம் நாள் ஆச்சு, ஏன்னா தடுத்து ஆடுறவன்னு சொல்லிக்க யாருக்கும் ஆசை வராது, எல்லாருக்கும் பழைய உலக சாம்பியன் மிகைல் தால் மாதிரி காய வெட்டுக் குடுத்து ஜெயிக்கணும்னுதான் இருக்கும். ஆனா என்னோட நல்ல ஆட்டம்னு நான் எடுத்து வச்சிருக்கறதுல முக்கால்வாசி, தோக்க வேண்டியத காப்பாத்துன ஆட்டம்தான். அதுலயும் யானை என்ட்கேம், அதாவது கடைசில யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுற கட்டம். லிச்செஸ்ல பிராக்டிஸ்னு ஒரு பகுதி இருக்கு, அதுல லுசீனா (ஜெயிக்கிற வழி), பிலிடார் (டிரா பண்ற வழி) ரெண்டும் கம்ப்யூட்டருக்கு எதிரா ஆடிப் பழகலாம், தயவு செஞ்சு அத விட்றாதீங்க. பிலிடார் 18ம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர், இசையமைப்பாளரும் கூட, அவர் காட்டிட்டுப் போன வழி இன்னிக்கும் வாரத்துக்கு ஒரு தடவ எனக்கு அரை பாயிண்ட் குடுக்குது. எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூட, ரெண்டு பேருக்கும் ஒரு யானை, நம்ம ராஜா அந்த சிப்பாய்க்கு நேர் எதிர்ல கடைசி வரிசைல. நம்ம யானை அவன் பக்கத்துலருந்து எண்ணுனா 6வது வரிசைல குறுக்க நின்னு அவன் ராஜாவ உள்ள விடாம வேலி மாதிரி பாத்துக்கணும், அவன் பொறுமை போய் சிப்பாய 6க்கு தள்ளுற அந்த நிமிஷம் நம்ம யானை ஒரே ஓட்டமா 1வது வரிசைக்கு இறங்கி பின்னாடிலருந்து செக் மேல செக், அவன் ராஜாவுக்கு ஒளிய இடமே இருக்காது, ஏன்னா ஒளியிற இடத்துலதான் இப்ப அவன் சிப்பாயே நிக்குது. இத முத தடவ நிஜ கேம்ல பண்ணி டிரா வாங்குனப்ப எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல குகேஷ் - டிங் லிரென் உலக சாம்பியன்ஷிப் 14வது ஆட்டத்த ஆபீஸ்ல ஒரு காதுல இயர்போன் போட்டுகிட்டுப் பாத்தேன். குகேஷுக்கு கருப்பு, ஒரு சிப்பாய் மட்டும் கூட, ரெண்டு பேருக்கும் ஒரு யானை ஒரு பிஷப், எல்லாரும் டிரான்னு சொல்லிட்டு இருந்தாங்க. அவர் விடாம ஆடிகிட்டே இருந்தார், 55வது மூவ்ல டிங் யானைய தப்பான கட்டத்துல வச்சார், யானையும் பிஷப்பும் வெட்டுப்பட்டுப் போச்சு, வெறும் சிப்பாய் ஆட்டம், முடிஞ்சது. 18 வயசுல உலக சாம்பியன். எல்லாரும் அந்தத் தப்பப் பத்திப் பேசுனாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி இருந்த மூவ்கள்தான் ஞாபகம், கொஞ்சூண்டு மேல இருக்குறப்பவும் அந்தப் பையன் சமமா இருக்குற மாதிரியே உக்காந்து யோசிச்சான், மேல இருக்கோம்னு கை வேகமாகவே இல்ல. எனக்கு இல்லாத குணம் அதுதான்னு அன்னிக்கு உறைச்சுது.

அதுக்கப்புறம் நான் மாத்துனது ரெண்டு மூனுதான். 3+0 பிளிட்ஸ நைட்ல தொடுறதில்ல, ரெண்டு கேம் தோத்தா அன்னிக்கு அவ்ளோதான். ஆட்டம் எல்லாம் 15+10. லிச்செஸ் கணக்குல 40 மூவ்னு வச்சு பாத்தா ஒரு ஆளுக்கு கிட்டத்தட்ட 21 நிமிஷம் 40 செகண்ட் வருது, ஒரு நாளைக்கு ஒன்னு ரெண்டு ஆடத்தான் நேரம் இருக்கும், அதுவே போதும். அப்புறம் எதிராளி காய் ஏதாச்சும் நான் சும்மா எடுத்தேன்னா உடனே போன கீழ வச்சுருவேன், கைல இருந்தாத்தான விரல் போகும். வச்சுட்டு "இப்ப அவனுக்கு என்ன வேணும்"னு ஒரு தடவ கேட்டுட்டுத்தான் திரும்ப எடுப்பேன். 6 மாசம் கழிச்சு மறுபடி 50 தோல்விய எடுத்து எண்ணுனேன், 22 இருந்தது 13 ஆயிருந்துச்சு. ரேட்டிங் 1760லருந்து 1850 ஏறுனது இந்த ஒரே காரணத்தாலதான், புது ஓப்பனிங் எதுவும் நான் படிக்கல.

இன்னும் சரியாகாதது நிறைய. பின்னாடி போற மூவ் என் கண்ணுக்குத் தெரியவே மாட்டேங்குது, என்னோடதும் சரி அவனோடதும் சரி, எச்5ல நிக்கிற ராணி டி1க்கு திரும்பி வந்தா எல்லாம் காப்பாத்தப்படும்னு இன்ஜின் காட்டுறப்ப நான் அந்தப் பக்கம் பாத்திருக்கவே மாட்டேன். இதுக்கு நல்ல பயிற்சி யாருக்காவது தெரிஞ்சா கண்டிப்பா சொல்லுங்க.

அடுத்தது கருப்புக் காய்ல சிப்பாய தள்ளி எதிராளி நடுவ உடைக்கிறது. இ4க்கு கேரோ-கேன், டி4க்கு ஸ்லாவ்னு ரெண்டு ஓப்பனிங் ஆடுறேன், ரெண்டுலயும் சி6, டி5ன்னு கட்டிட்டு உறுதியா நிக்கிறது என் குணத்துக்கு ஒத்துப் போகுது. வெள்ளை இ5 தள்ளி இடத்த அடைச்சுட்டான்னா நான் பிஷப்ப எஃப்5க்கு கொண்டு வந்து, இ6 போட்டு, அப்புறம் அங்கயே உக்காந்துடுவேன். சி5 தள்ளி அவன் நடுவ உடைக்கணும், 5வது 6வது மூவ்லயே தள்ளலாம், நான் 15வது மூவ் வரைக்கும் இன்னும் ஒரு காய் தயாராகட்டும், இன்னும் ஒன்னுன்னு தள்ளிப் போடுவேன். அதுக்குள்ள அவன் ஜி4, எச்4ன்னு ராஜா பக்கம் கூடாரம் போட்டுருப்பான், என் பிஷப்புக்கு போக இடம் இருக்காது. தடுத்து ஆடத் தெரிஞ்சவனுக்கு வர்ற வியாதி இதுன்னு நினைக்கிறேன், அடி வரட்டும் பாத்துக்கலாம்னு ஒரு தைரியம் உள்ள இருக்கு, அது தேவையில்லாத இடத்துலயும் வேலை செய்யுது.

போன வாரம் மாமாகூட ஆடுனப்ப அவர் 3வது மூவ்லயே இ5 தள்ளி அடைச்சார். நான் 5வது மூவ்ல சி5 தள்ளிட்டேன். அவர் பக்கத்துல கடிகாரம் ரொம்ப நேரம் ஓடுச்சு, 3 நிமிஷத்துக்கு மேல. லிச்செஸ்ல எதிராளிக்கு 15 செகண்ட் கூட குடுக்க ஒரு பிளஸ் பட்டன் இருக்கு, 5 வருஷமா என் நேரம் குறையிறப்பல்லாம் அவர்தான் எனக்கு அத தட்டுவார். அன்னிக்கு முத தடவயா நான் அவருக்கு தட்டுனேன். ஆட்டம் 58வது மூவ்ல யானை என்ட்கேம்ல டிராவாச்சு, முடிஞ்சதும் போன எடுத்து "யாருடா சொல்லிக் குடுத்தது அந்த சி5?"ன்னார். நீங்கதான் மாமான்னேன்.