பால்கனித் தோட்டம் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் காசு கொடுக்கும் முன்

சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் பால்கனித் தோட்டம் அமைத்துத் தருவதாக ஒரு விளம்பரம் சுற்றுகிறது. எட்டுத் தொட்டி, மண், நாற்று, உரம், வீட்டுக்கே வந்து வைத்துக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 380 வெள்ளி (டாலர்). நானும் எடுத்தேன். நீங்கள் எடுக்காதீர்கள்.

வந்தவர் நன்றாகப் பேசினார். "அக்கா, நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க, அப்புறம் தேக்கா மார்க்கெட் பக்கமே போக வேண்டாம்." தக்காளி, கத்திரி, வெண்டை, மிளகாய், கறிவேப்பிலை என்று அடுக்கினாரே தவிர, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே இன்னொரு அடுக்குமாடி புளோக். காலையில் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். காய்க்கிற செடிக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இந்த வெளிச்சத்துக்குக் கீரை வந்தாலே பெரிது. தக்காளியிலும் 'மலைத் தக்காளி' என்று ஒன்றைக் கொடுத்தார். மலேசியாவின் கேமரன் மலையில் இரவு குளிரும், அங்கே காய்க்கும். இங்கே நள்ளிரவிலும் 25, 26 டிகிரி. பூத்தது, உதிர்ந்தது, மறுபடி பூத்தது, அதுவும் உதிர்ந்தது.

இதையெல்லாம்கூட விவரம் தெரியாதவர் என்று விட்டுவிடலாம். கறிவேப்பிலைதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. வந்த புதிதில் பளபளவென்று இருந்தது. பிறகு இலைகள் சுருண்டு, தொட்டாலே உதிர ஆரம்பித்தன. தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஒரு வேர்கூட இல்லை. அடியில் கத்தியால் சாய்வாக வெட்டிய வெட்டு அப்படியே இருந்தது, கறுத்துப்போய். எங்கோ ஒரு மரத்தில் கிளையை வெட்டி மண்ணில் செருகிக் கொடுத்திருக்கிறார்! கறிவேப்பிலைக் குச்சி லேசில் வேர் பிடிக்காது என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். விதை போட வேண்டும், இல்லையென்றால் மரத்தடியில் முளைக்கும் கன்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? பழைய தமிழ் முரசு நாளிதழை விரித்து மற்ற தொட்டிகளையும் கவிழ்த்தோம். மேலே நான்கு விரல் அளவுக்குக் கறுப்பான நல்ல மண். அதற்குக் கீழே வெறும் களிமண், இடையிடையே சிமெண்ட் பூச்சுத் துண்டுகள். அடியில் உடைத்துப் போட்ட ஸ்டைரோஃபோம். ரசீதில் இதற்குப் பெயர் 'இயற்கை மண் கலவை'. (ரசீது என்றால் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்.)

களிமண் இறுகினால் மேலே தண்ணீர் தேங்கும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். தொட்டியில் இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வது இதற்காகத்தான். கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளி அபராதம் வீட்டுக்காரருக்குத்தான், தொட்டி விற்றவருக்கு இல்லை.

போன் செய்தால், "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க அக்கா, செடிக்கெல்லாம் கேரண்டி கிடையாது" என்றார். வெட்டுத் தெரிகிற கறிவேப்பிலைக் குச்சியைப் படம் எடுத்து அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார்.

சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் பதியலாம், இந்த மாதிரிச் சின்னத் தொகைக்குக் கட்டணம் பத்து வெள்ளிதான், வக்கீலும் கிடையாது. ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே! என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் பணம் அனுப்பும் பேநவ் சேவையில் காட்டிய ஒரு செல்லப் பெயரும். முறையாகப் பதிந்த நிறுவனம் என்றால் யூஇஎன் என்ற பதிவு எண் இருக்கும், அதை நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். இவருடைய ரசீதில் அந்த எண்ணே இல்லை.

இந்த மாதிரி ஆட்களிடம் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், யூஇஎன் எண் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். தொட்டிகளை இறக்கியதும் அவர் எதிரிலேயே ஒவ்வொரு தண்டையும் லேசாக அசைத்துப் பாருங்கள், ஒரு தொட்டியையாவது கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதுப் படத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், நீங்களும் கொடுங்கள்.