மண்ணிவாக்கம் வீட்டைச் சுற்றியுள்ள 1,200 சதுர அடி: 2018 முதல் இன்றுவரை

2018-ல் சென்னைக்கு அருகே மண்ணிவாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடிவந்தோம். 2,400 சதுர அடியில் பாதியை வீடு எடுத்துக்கொண்டது. மீதிப் பாதி நான்கு பக்கமும் வெறும் மண். அந்தப் பாதியில் என்னென்ன செய்தோம், எது நிலைத்தது, எதற்குக் கொடுத்த காசு தண்டம் என்பதை எழுதுகிறேன். நர்சரி வண்டி வந்து செடிகளை இறக்கிய அன்றைக்கு எல்லார் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். 2019 வறட்சி, 2020 நிவர் புயல், 2023 மிக்ஜாம் புயல் மூன்றையும் தாண்டியபின் எது மிச்சம் என்று பார்ப்பது வேறு கணக்கு.

முதலில் மண். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை ஒட்டிய எங்கள் பகுதி முன்பு நெல் வயல். பங்குனி, சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசியில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2015 டிசம்பரில் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்ததால், தரைமட்டத்தை ரோட்டுக்கு மேல் மூன்றரை அடி உயர்த்தித்தான் கட்டினோம். அதற்காக வெளிமண் லோடு லோடாக வந்தது. வீட்டைச் சுற்றிலும் அதையே பரப்பி, மேலே நாலு அங்குலம் செம்மண் தூவி, 'லெவல் பண்ணியாச்சு சார்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செம்மண்ணைக் கீறிப் பார்த்தால்தான் தெரிந்தது கதை. சுவர்ப் பூச்சுத் துண்டுகள், உடைந்த டைல்ஸ், கட்டுக்கம்பி, சிமென்ட் பை, பான்பராக் உறை. தோட்டம் போட நினைக்கும் யாரும் செடி வாங்கும் முன்னால் கடப்பாரையும் கூலிக்கு ஒரு ஆளும் பிடித்து, இரண்டு அடி ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்துவிடுவது நல்லது. சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணில் இறங்கினால் இட்லிப்பூ மாதிரிச் செடிகளுக்கு இரும்புச் சத்து ஏறாது. எங்கள் கிழக்குச் சுவரோரம் வைத்த இட்லிப்பூ இப்படித்தான் இருந்தது: இலை முழுக்க வெளிர்மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக, வரைந்து வைத்த மாதிரி. உரம் போடப் போட மஞ்சள்தான் கூடியது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளித்தோம். புதுத் துளிர்கள் பச்சையாக வந்தன. ஆனால் அது தற்காலிகம்தான். அந்த இடத்து மண்ணை வாரி மாற்றியபிறகுதான் செடி நிரந்தரமாகத் தேறியது.

மண்ணைத் திருத்த வழி சொன்னவர் இரண்டு தெரு தள்ளி இன்னமும் மாடு வைத்திருக்கும் ஒரு பெரியவர். "தம்பி, இது நெல்லு வெளஞ்ச பூமி. மேல மேல செம்மண்ணக் கொட்டாதீங்க. ஒருவாட்டி தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கிவிடுங்க, அப்புறம் செடி வைங்க" என்றார்.

"வீட்டுக்கு முன்னாடி போய் தக்கைப்பூண்டாங்கய்யா?" என்றேன்.

"ஏன், வீட்டுக்கு முன்னாடி வெதச்சா மொளைக்காதா?"

விதைத்தோம். தக்கைப்பூண்டு மண்ணுக்கே உரமாக மடக்கிவிடும் பசுந்தாள் பயிர். தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்ன கீரை என்று கேட்டார்கள். இடுப்புக்கு மேல் வளர்ந்து, பூ எடுக்கும் சமயம், ஏறக்குறைய 45-ஆம் நாளில், வெட்டி மண்வெட்டியால் மடக்கிப் போட்டோம். பிடுங்கின ஒரு வேரைக் கழுவிப் பார்த்தால் கடுகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கும். நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு தெரிந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் வேலை உள்ளே நடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தேங்கினாலும் தக்கைப்பூண்டு சாகாது என்பதால் எங்கள் களிமண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது. அடுத்த வருஷமும் பின்பக்கத்தில் ஒருமுறை போட்டோம். மொத்தத் தோட்டச் செலவில் மிகக் குறைவாகப் பிடித்ததும் இதுதான், இன்றுவரை பலன் தருவதும் இதுதான். எந்த லேண்ட்ஸ்கேப் ஒப்பந்தக்காரரும் இதைத் தன் கொட்டேஷனில் எழுதமாட்டார், இதில் அவருக்கு ஒன்றும் நிற்காது.

அடுத்தது தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. ஆனால் பல வீடுகளில் அது மூன்றடிப் பள்ளத்தில் ஜல்லி கொட்டி மூடியதோடு சரி. களிமண்ணில் அந்தப் பள்ளம் வெறும் தொட்டி. எங்கள் மனையில் பதினைந்து அடிக்குக் கீழே போனால்தான் மணல் தட்டுப்பட்டது. அதுவரை மூன்றடி விட்டத்தில் சிமென்ட் உறை இறக்கி, உள்ளே ஜல்லி எதுவும் போடாமல், மேலே மூடிபோட்ட உறைக்கிணறாக விட்டோம். மொட்டை மாடித் தண்ணீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் விழுந்து, வண்டல் அடங்கி, பிறகு கிணற்றுக்குப் போகும். உள்ளே காலியாக இருப்பதால் ஆள் இறங்கிச் சேறு வாரலாம். ஜல்லி போட்ட குழி இரண்டு மழையில் அடைத்துக்கொண்டால் மொத்தத்தையும் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 110 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சென்னையின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். சிந்தியது, ஆவியானது கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. 2019 கோடையில் தெருவில் 12,000 லிட்டர் லாரிக்கு மக்கள் காத்துக் கிடந்தபோது எங்கள் போரில் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் குறைந்தது, நிற்கவில்லை. உப்பும் இறங்கியிருக்கிறது. முதலில் 1,500-க்கு மேல் காட்டிய டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) மீட்டர் இப்போது ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. மிக்ஜாமில் நிலத்தடி நீரே மேலே வந்துவிட்டதால் கிணறு விளிம்புவரை நிரம்பி, ஒரு சொட்டு உறிஞ்சவில்லை. அன்றைக்கு உதவியது வீட்டுச் சுவரிலிருந்து தெருப் பக்கமாகக் கொடுத்திருந்த வாட்டம், அதாவது தரைச் சரிவுதான். அதனால் வாட்டத்தையும் உறைக்கிணற்றையும் கட்டடம் முடிவதற்குள், கையில் காசு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு கொஞ்சம் உயரும். அதையும் கணக்கில் வைத்துத்தான் கேட் மட்டத்தை முடிவு செய்ய வேண்டும்.

பேவர் பிளாக் விஷயத்தில் மேஸ்திரிக்கும் எங்களுக்கும் பெரிய இழுபறி. "சார், மண்ணு தெரிஞ்சா பாம்பு வரும், பூச்சி வரும். பூரா பேவர் போட்டுட்டா பெருக்கிவிட்டு வந்துடலாம்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கார் நிற்கும் இடத்துக்கும், பின்கட்டுக்குப் போகும் மூன்றடிப் பாதைக்கும் மட்டும் 60 மில்லிமீட்டர் கல் போட்டோம். ஜல்லி கொட்டி நன்றாக இடித்து, அதன்மேல் எம்-சாண்ட் பரப்பிய கார் பகுதி இன்றும் அசையவில்லை. பாதைக்கு ஜல்லி இல்லாமல் மணல்மேல் நேரடியாக அடுக்கியது, களிமண் உப்பி இறங்குவதில் அலை அலையாகிவிட்டது. கல் ஒன்றுதான், அடியில் போட்டதில்தான் வித்தியாசம். மேற்குப் பக்கத்து வீட்டில் சுவரோடு சுவராக முழுக்கச் சிமென்ட் போட்டிருக்கிறார்கள். மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கு அவர்கள் வாசலில் நின்றால் பாதம் சுடும். வடக்குப் பக்கம் வெயில் படாத இடத்தில் வழவழப்பான கல் வேண்டவே வேண்டாம், கார்த்திகைக்குள் பாசி பிடித்து ஆளை வாரிவிடும்.

புல்தரை. வீட்டு முன்னால் 350 சதுர அடிக்குக் கொரியன் புல் பதித்தோம். முதல் வருஷம் விருந்தாளிகள் அத்தனை பேரும் பாராட்டினார்கள். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலே தினம் 160 லிட்டர் குடிக்கும். 2019 ஜூனில் குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் புல்லுக்கு ஹோஸ் பிடிக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டோம். அதற்கு முன்பே கோரைக் களை வந்துவிட்டது. புல் பதிக்கக் கொட்டிய செம்மண்ணிலேயே கிழங்கு இருந்திருக்கிறது. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு நிற்கும், ஒன்று நாலாக முளைக்கும். தோட்டக்காரர் உட்கார்ந்து கொத்திக் கொத்தி எடுத்த கூலியில் இன்னொரு புல்தரையே போட்டிருக்கலாம்.

இப்போது அந்த இடத்தில் இருப்பது பாதி அருகு, பாதி பொடுதலை. பொடுதலையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, வாய்க்கால் வரப்பில் தானாகப் படர்ந்து கிடக்கும். தலைக்குத் தைலம் காய்ச்சுவார்களே அதே பொடுதலைதான். மேம்பாலத்துக்குக் கீழே ஈரமான ஓரத்திலிருந்து ஒரு பை நிறையக் கொடி கொண்டுவந்து, கணுவை மண்ணில் அழுத்திவிட்டோம். ஒரு மழைக்காலத்தில் தரையை மூடியது. தண்ணீர் நின்றாலும் தாங்கும், காய்ந்தாலும் தாங்கும், அவ்வப்போது மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. குனிந்து பார்த்தால் திப்பிலி மாதிரி ஒரு சின்னக் கொண்டை, அதைச் சுற்றி வளையம் கட்டினாற்போல் வெள்ளையும் வெளிர்ஊதாவுமாகக் கடுகுப் பூக்கள். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். கொரியன் புல்லின் வெல்வெட் அழகு இதற்கு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சொட்டுநீர் பற்றிச் சுருக்கமாக: எங்கள் போர் தண்ணீரின் உப்பில் மணிக்கு 4 லிட்டர் சொட்டிகள் ஒவ்வொன்றாக அடைத்தன, மிச்சத்தை அணில் கடித்தது. தொட்டிச் செடிகளுக்கு மட்டும் இப்போது இருக்கிறது. சோலார் விளக்குகள் ஒரு மழைக்காலம்தான் தாங்கின. செயற்கை நீரூற்று கொசு வளரத்தான் உதவியது.

மரங்களுக்கு வருவோம். ஒப்பந்தக்காரர் பட்டியலில் இருந்தவை: சுற்றுச்சுவர் ஓரம் வரிசையாக நெட்டிலிங்கம், வாசலில் பாட்டில் பாம், மறைப்புக்குக் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம். கடைசியானதை நடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வேர் குழாய்களையும் சம்ப்பையும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தேடிப் போகும். 2023-ல் குஜராத் அரசு அதை நடவே தடை விதித்தது. நெட்டிலிங்கம் கெட்ட மரம் இல்லை. ஆனால் பழக்காலத்தில் வௌவால் வந்து, தின்றதையெல்லாம் வெள்ளைச் சுவரில் கறையாகத் துப்பிவிட்டுப் போகும்.

நாங்கள் வைத்தது புங்கன், வேம்பு, கொய்யா, எலுமிச்சை, முருங்கை, வாழை, கறிவேப்பிலை, பவளமல்லி. எல்லா வழிகாட்டியிலும் இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, எருவும் மணலும் நிரப்பி நடச் சொல்வார்கள். களிமண்ணில் அந்தக் குழியே கிண்ணமாகி, மழையில் வேர் ஊறி அழுகும். அதனால் முக்கால் அடி மேடு கட்டி மேட்டில் நட்டோம். மிக்ஜாமில் பின்பக்கம் தண்ணீர் வடியாமல் நின்றபோது மேட்டில் இருந்த எலுமிச்சை பிழைத்தது. தானாக முளைத்துத் தாழ்வில் நின்ற பப்பாளி, காயோடு, ஒரே வாரத்தில் தொங்கிவிட்டது. பப்பாளி வேருக்கு நின்ற தண்ணீர் ஆகவே ஆகாது. முருங்கையை நிவர் நடுவில் முறித்தது. முருங்கையை ஒடித்து வளர்க்கணும் என்பார்கள், காற்றே ஒடித்துக் கொடுத்தது, மறுபடி தழைத்தது. ஆனாலும் படுக்கையறை ஜன்னல் பக்கம் முருங்கை கூடாது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரேறி உள்ளே வரும். நிழலுக்குப் புங்கன்தான் முதல் மார்க். மாசி, பங்குனியில் கொட்டுகிற இலை முழுதும் வேறு எங்கும் போவதில்லை, எலுமிச்சை மேட்டில் மண்ணைப் போர்த்தும் மூடாக்கு.

எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாமல் உற்றுப் பாருங்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிதானால் பச்சையாகிவிடும். குச்சியால் தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சளாகக் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி ஒரு நாற்றம் விடும். சின்னக் கன்றாக இருந்தால் பொறுக்கித் தள்ளிப் போடலாம், மரமாகிவிட்டால் விட்டுவிடலாம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கசிவுக்காக எறும்பு காவல் காக்கும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் கலந்து இரண்டு மூன்று தடவை அடித்தால் அடங்கும்.

பாம்புக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். சாரை வரும், எலிக்காக வரும், போகும். சுவரை ஒட்டி இரண்டடிக்குச் செடி வைக்கவில்லை, தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளுக்கெல்லாம் கம்பி வலை, செங்கல், விறகு என்று எதையும் மூலையில் குவிப்பதில்லை. தீயணைப்புத் துறையை எங்கள் வரிசையில் இதுவரை ஒரே தடவைதான் கூப்பிட்டார்கள், அதுவும் சிமென்ட் போட்ட அந்த மேற்கு வீட்டில், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் நல்லபாம்பு.