வார்டு தேர்தல்: வாசலில் கொடுக்கத் துணிப்பையா, மீட்டர் அட்டையா?

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் என் அண்ணி ஒரு பேரூராட்சி வார்டில் சுயேச்சையாக நின்றார். அச்சகம், நோட்டீஸ் என்று காகிதம் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில். வாசலில் நோட்டீஸோடு வேறு என்ன கொடுப்பது என்று வீட்டில் பெரிய விவாதம். அண்ணன் துணிப்பை என்றார், நான் பின்பக்கத்தில் மின் மீட்டர் கணக்கு எழுதிக்கொள்ளும் அட்டை என்றேன், கடைசியில் அட்டைதான் அடித்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அட்டை என்றுதான் சொல்வேன், அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தொப்பியும் துண்டும் கூட வருகிற ஆட்களுக்குத்தான், வாக்காளருக்கு இல்லை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் தொப்பி, முகமூடி, கழுத்துத் துண்டு கொடுக்க இந்தியத் தேர்தல் ஆணையம் அனுமதிக்கிறது, செலவுக் கணக்கில் காட்ட வேண்டும். சேலை, சட்டை என்று போனால் லஞ்சக் கணக்கில் வந்துவிடும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் நடத்தை விதிகளைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் காலண்டர் ஜனவரியிலேயே நகைக்கடையும் மளிகைக்கடையும் கொடுத்துத் தீர்த்த சரக்கு. மரக்கன்று கொடுப்பதைப் பக்கத்து வார்டில் பார்த்தேன், நாங்கள் செய்யவில்லை. மண் வாசல் உள்ள தெருவில் எடுபடலாம், மாடி வீட்டுக்காரர் அதை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் கொடி பக்கமே போகாதீர்கள், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

சரி, துணிப்பை. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியிருந்த சமயம், பை கொடுத்தால் பேச்சுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும், காய்கறிக் கடைக்குப் போகிற ஒவ்வொரு பையும் நடமாடும் போஸ்டர். ஆனால் விலை கேட்கப் போனால் விலை மலிவு என்று முதலில் எடுத்துப் போடுவது துணி மாதிரியே இருக்கும் ‘நான்-ஓவன்’ (நெய்யப்படாத) பை. அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், அதே 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. சுற்றுச்சூழல் பேசிக்கொண்டே தடை செய்த பையைக் கொடுத்தால் எதிராளி சும்மா விடுவாரா? நிஜமான பருத்திப் பை என்றால் எங்களுக்குச் சொன்ன விலை முப்பது ரூபாய்க்குக் குறையவில்லை. பேரூராட்சி வார்டு வேட்பாளருக்கு அந்தத் தேர்தலில் செலவு வரம்பே 17,000 ரூபாய். நீங்களே வகுத்துப் பாருங்கள், பை மட்டும் வாங்கினாலே கணக்கு முடிந்துவிடும், ஆட்டோவுக்கும் மைக்குக்கும் எங்கே போவது? அட்டையோ அந்த விலையில் பத்துக்கு மேல் வரும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பையை யார் கொடுத்தாலும் நம் ஊரில் முதலில் உள்ளே கையை விட்டுப் பார்ப்பார்கள். மாதிரிக்கு வாங்கியிருந்த ஒரு பையை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டோம். வாங்கி, விரித்து, அடிவரைக்கும் பார்த்துவிட்டு, “அவ்வளவுதானா தம்பி?” என்றார். அதோடு அண்ணன் பாதி அடங்கிவிட்டார்.

இதெல்லாம் இருந்தும் பையை நான் முழுக்க ஒதுக்கியதற்கு விலை காரணமில்லை, நாள்தான். பெரிய கட்சி வேட்பாளருக்குச் சின்னம் பல வருஷமாகச் சுவரில் இருக்கிறது. சுயேச்சைக்கு அப்படி இல்லை, வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் ஒதுக்குவார்கள். அந்த முறை வாபஸுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 7, வாக்குப்பதிவு 19, பிரசாரம் 17 மாலையோடு சரி. ஆக, உங்கள் சின்னம் இன்னது என்று தெரிந்த பிறகு கையில் இருப்பது பத்து நாள். ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல், அதனால் இதுதான் கிடைக்கும் என்று நம்பி முன்கூட்டி அடிக்கவும் முடியாது. பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், பை ஒவ்வொன்றாகக் கையால் அடித்துக் காயப்போட வேண்டும், தேர்தல் நேரத்தில் பட்டறையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பது பெரிய கட்சிக்காரர். பிரசாரம் பாதி போன பிறகு பை வந்தால், முதலில் போன தெருக்களுக்குத் திரும்பப் போக வேண்டும், அதற்கு ஆள் எங்கே? சின்னம் இல்லாமல் வெறும் பெயரோடு பை அடித்துக் கொடுப்பதில் பயனில்லை, வாக்கு எந்திரத்தில் ஜனங்கள் தேடுவது சின்னத்தைத்தான்.

அட்டையில் இந்தச் சிக்கலை இரண்டாகப் பிரித்துவிடலாம். பின்பக்கத்துக்குச் சின்னமே வேண்டாம், அதை வாபஸுக்கு முன்பே அடித்து அடுக்கிவைத்தோம். சின்னம் கிடைத்த அன்று இரவே முன்பக்கத்துக்கு டிசைன், மறுநாள் மாலை கட்டு கட்டாகக் கையில்.

பின்பக்கத்தில் என்ன போட்டோம் என்பதுதான் எனக்குப் பெருமை. பாதிப் பக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181, இணையப் பண மோசடிக்கு 1930, மின்சாரப் புகாருக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. லைன்மேன் எண்ணையும் போடலாம் என்று யாரோ சொன்னார்கள், வேண்டாம் என்றேன். அரசு ஊழியர் எண் வேட்பாளர் அட்டையில் இருந்தால் அவருக்குத்தான் தலைவலி. அதற்குப் பதில் லைன்மேன், குடிநீர், துப்புரவு என்று எழுதிப் புள்ளிக்கோடு விட்டோம், வீட்டுக்காரர்களே நிரப்பிக்கொண்டார்கள். மீதிப் பாதியில் ஓர் ஆண்டுக்கான மின் கணக்கு: ரீடிங் தேதி, யூனிட், தொகை, ஆறு வரிசை. அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால் யூனிட்டைக் குறித்துவைக்காத வீடு குறைவு. மேலே ஒரு ஓட்டை போட்டு நூல் கட்டிக் கொடுத்தோம், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்ட. நோட்டீஸ் அன்றைக்கே வடை மடிக்கப் போய்விடும். இது தேர்தல் முடிந்தும் பல வீடுகளில் தொங்கியது.

ஓட்டு இதனால் வந்ததா என்று கேட்டால் என்னால் நிரூபிக்க முடியாது, அண்ணி ஜெயிக்கவும் இல்லை. ஆனால் அட்டையைக் கொடுத்தால் பேச்சு தானாக நீண்டது, “குடிதண்ணி வால்வு திறக்குறவர் நம்பர் யாரிடம் இருக்கு?” என்று அவர்களே ஆரம்பித்தார்கள்.

கட்சி வேட்பாளராக, சின்னம் முன்பே கையில் இருந்து, மாநகராட்சி அளவுக்குச் செலவு வரம்பும் இருந்தால் பை எடுபடலாம், அந்த அனுபவம் எனக்கு இல்லை. அப்போதும் பை பொருள்தானே, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் முன்கூட்டி எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அட்டை அடிக்கிறவர்களுக்கு: அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி நான்கும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இருக்கட்டும். வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அட்டையில் எழுதிக் கொடுக்காதீர்கள், சின்னத்தோடு அதைச் சாவடிக்கே எடுத்து வந்துவிடுவார்கள்; அதைத் தனி வெள்ளைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். அப்புறம், அச்சகத்தில் பளபளவென்று லேமினேஷன் போடச் சொல்வார்கள். போட்டால் பேனா பிடிக்காது.