காயத்துக்குப் பிறகு இன்னொரு தொழில்: ஒன்ராறியோவின் மீள்பயிற்சிச் சேவை பற்றி அதைப் பயன்படுத்திய ஒருவரின் மதிப்பீடு

வலது கையை இனித் தோளுக்கு மேலே உயர்த்தி வேலை செய்யக் கூடாது என்று சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு வயது 46. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபுறோவில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் பிரஸ் மெஷினில் நின்றவன் நான். 2016 மாசி மாதத்தில் ஒரு நாள், தகடுகள் நிறைந்த தட்டொன்றைத் தூக்கி மேல் அடுக்கில் வைக்கும்போது தோளின் தசைநாண் கிழிந்தது. அதற்குப் பிறகு நான் கடந்துவந்த வழியில் பெரும்பகுதி, நம்மவர்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று அழைக்கும் வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையின் மீள்பயிற்சிச் சேவையாகவே இருந்தது. இச்சபையைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் காசு வந்ததா, நின்றுவிட்டதா என்பதோடு முடிந்துவிடுவதால், காயமடைந்தவரை வேறொரு தொழிலுக்குக் கொண்டுசேர்க்கும் பகுதியை மட்டும் எடுத்துச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இச்சேவை தொழிலாளிக்கு யாரும் செய்யும் உபகாரம் அல்ல. நீதியரசர் வில்லியம் மெரடித் 1913 இல் சமர்ப்பித்த அறிக்கையின் அடிப்படையில் ஒன்ராறியோவில் 1914 இல் சட்டம் இயற்றப்பட்டபோது, வேலையில் காயமடைந்தவர் முதலாளிமீது வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடுவார் என்றும், அதற்குப் பதிலாக யாருடைய தவறு என்று பார்க்காமல் அவருக்கு நட்டஈடு வழங்கப்படும் என்றும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. காப்புறுதிக் கட்டணத்தை முதலாளிமார் மட்டுமே செலுத்துகிறார்கள்; நமது சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கப்படுவதில்லை. வழக்குரிமையைக் கொடுத்துப் பெற்ற பொருள் என்பதால், அதன் தரத்தைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன்.

முதற்கட்டம் பழைய வேலையிடத்துக்கே திரும்புவது. காயம் பட்ட நாளுக்கான முழுச் சம்பளத்தை முதலாளி கொடுக்க வேண்டும். மறுநாளிலிருந்து, கையில் கிடைத்துவந்த நிகரச் சம்பளத்தின் 85 வீதத்தை வருமான இழப்புக் கொடுப்பனவாகச் சபை தருகிறது. வைத்தியரோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோ நிரப்பும் செயலாற்றல் படிவத்தில் நோயின் பெயரைவிட, எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், தோளுக்கு மேலே கை நீட்டலாமா என்பவையே முக்கியம். இருபதோ அதற்கு மேற்பட்டோ தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை மீண்டும் வேலைக்கு எடுக்கும் கடப்பாடு முதலாளிக்குச் சட்டப்படி உண்டு. காயமடைந்து இரண்டு ஆண்டுகள் ஆவது, தனது வேலையின் முக்கியக் கடமைகளைச் செய்யத் தகுதி பெற்று ஓராண்டு கழிவது, 65 வயதை எட்டுவது ஆகிய மூன்றில் எது முந்துகிறதோ அதுவரை அந்தக் கடப்பாடு நீடிக்கும். திரும்ப எடுத்து ஆறு மாதங்களுக்குள் வேலையிலிருந்து நிறுத்தினால், முதலாளி கடப்பாட்டை மீறியதாகவே சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது.

எழுத்தில் இவ்வளவு உறுதியாக இருக்கும் ஏற்பாடு தொழிற்சாலைத் தரையில் எப்படி ஆகிறது என்பதை நான் பார்த்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட 'லைட் டியூட்டி', சாப்பாட்டு அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் நாற்காலியில் அமர்ந்து, பெட்டி நிறையக் கிடந்த பழைய கையுறைகளை இடது, வலது என்று பிரித்துச் சோடி சேர்ப்பது. மூன்றாம் நாள் மாலையில், நான் சோடி சேர்த்து அடுக்கி வைத்தவற்றை மேற்பார்வையாளர் மீண்டும் அதே பெட்டியில் ஒன்றாகக் கொட்டுவதைக் கண்டேன். உடன் வேலை செய்தவர்கள் என்னைக் கடந்து சாப்பிடப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தோள்வலியைவிட அந்த நாற்காலியே என்னை வேலையை விட்டு ஓடச் சொன்னது. அப்படி நானாகவே எழுதிக்கொடுத்துவிட்டு ஓடியிருந்தால் சட்டம் கேட்கும் ஒத்துழைப்பை நான் மீறியதாக ஆகி, கொடுப்பனவுக்கும் ஆபத்து வந்திருக்கும் என்பது பின்னரே தெரியவந்தது.

சபையின் மீள்வேலை அலுவலர் தொழிற்சாலைக்கு நேரில் வந்த கூட்டத்தை இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி என்று சொல்வேன். பொருத்தமான வேலை என்பதற்கு விதிகளில் தெளிவான வரையறை இருக்கிறது: அது பாதுகாப்பானதாக, பயனுள்ளதாக, தொழிலாளியின் செயலாற்றலுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், இயன்ற அளவுக்குப் பழைய சம்பளத்தை மீட்டுத்தரவும் வேண்டும். அந்த அலுவலர் கையுறைப் பெட்டியைப் பார்த்து, இந்த வேலையை எனக்குத் தருவதற்கு முன்னர் யார் செய்துவந்தார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு பகுதி பகுதியாக நடந்துசென்று ஒவ்வொரு வேலையையும் என் படிவத்தோடு ஒப்பிட்டு, எனக்கு அங்கே பொருத்தமான வேலை இல்லை என்று பதிவுசெய்தார். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கட்டணமின்றி ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததால், என் பக்கத்தை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லித் தடுமாற வேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

இரண்டாம் கட்டமே மீள்பயிற்சி. 1998 முதல் 2010 வரை இப்பொறுப்பு பெருமளவில் வெளி நிறுவனங்களிடம் குத்தகையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. பரவலான விமர்சனங்களுக்குப் பின், 2010 இன் இறுதியில் தொடங்கிச் சபை அதைத் தனது சொந்த அலுவலர்களின் கைக்கு எடுத்துக்கொண்டது. என் காலத்தில் திட்டம் தீட்டியவரும் சபையின் அலுவலரே. முதலில் வாசிப்பு, கணிதம், கைத்திறன், ஆர்வம் ஆகியவற்றைச் சோதித்தார்கள். பின்னர், தேசியத் தொழில் வகைப்பாட்டிலிருந்து எனக்கேற்ற மூன்று தொழில்களை என் முன் வைத்தார்கள்: வாடிக்கையாளர் சேவை எழுதுவினைஞர், வாகன அனுப்பீட்டாளர், தரப் பரிசோதகர்.

இந்த மதிப்பீட்டை வாசிப்பவர்கள் ஒரு விடயத்தை மட்டும் மனதில் வைத்திருப்பதானால், அந்த மேசையில் நடந்ததை வைத்திருக்க வேண்டுகிறேன். 'பொருத்தமான தொழில்' என்று அன்று எழுதப்படும் ஒற்றை வரி, என்ன படிக்கப்போகிறோம் என்பதை மட்டும் தீர்மானிப்பதில்லை. படிப்பு முடிந்தபின் அந்தத் தொழிலில் எவ்வளவு உழைக்கக்கூடியவர் என்று நம்மைக் கணக்கிடுவதற்கும் அதே வரிதான் அடிப்படையாகிறது. அதிகாரிகள் முன் மறுத்துப் பேசுவது மரியாதையல்ல என்று வளர்ந்த நான், முதலாவது தொழிலுக்குத் தலையாட்டத் தயாராக இருந்தேன். கூட வந்த என் மகள்தான், "அப்பா, நாள் முழுக்க ஆங்கிலத்தில் தொலைபேசியில் கதைக்க உங்களால் ஏலுமா? அதை யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று தமிழில் கேட்டாள். அலுவலர் பொறுமையாக இரண்டு வாரங்கள் அவகாசம் தந்தார். அந்த இரண்டு வாரங்களில் மகள் ஸ்காபுறோ, மார்க்கம், பிக்கரிங் பகுதிகளில் வந்த வேலை விளம்பரங்களைச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்ட தகுதியையும் சம்பளத்தையும் ஒரு கொப்பியில் எழுதினாள். அந்தக் கொப்பியோடு திரும்பிச் சென்று தரப் பரிசோதகர் என்று முடிவாகச் சொன்னேன். பதினொரு ஆண்டுகள் நான் அடித்துத் தள்ளிய பாகங்களில் எது கோணல், எது நேர் என்று கண்ணாலேயே சொல்லத் தெரிந்தவனுக்கு அதுதான் இயல்பான அடுத்த படி என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார்.

படிப்புக்கான கட்டணம், புத்தகங்கள், பயணச் செலவு ஆகிய அனைத்தும் சபையின் பொறுப்பு. திட்டத்தோடு ஒத்துழைக்கும் காலம் முழுவதும் வருமான இழப்புக் கொடுப்பனவும் முழுமையாகத் தொடர்ந்தது. முதலில் ஆறு மாதங்கள் ஆங்கிலமும் கணிதமும், அதன் பின்னர் ஒரு தனியார் கல்லூரியில் தர ஆய்வுப் பாடநெறி. கல்லூரியைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு: கணினிப் பாடத்தில் எந்தத் தொழிற்சாலையும் கைவிட்டுப் பல காலமான பழைய மென்பொருளைக் கற்பித்தார்கள், பாதி வகுப்புகளில் ஆசிரியர் ஏற்கெனவே அச்சிட்ட தாள்களைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நேரில் சென்று ஒரு வகுப்பில் இருந்து பார்க்கக் கேட்டிருக்க வேண்டும் என்பதை அங்கே கற்றேன்.

எனினும் அதே கல்லூரியின் அளவீட்டு வகுப்புக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மைக்ரோமீற்றரைப் பிடிக்கும் முறையை அங்கேதான் கற்றேன். முழங்கையை மேசையில் ஊன்றி, சட்டகத்தை உள்ளங்கையில் தாங்கி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுனித் திருகை மெல்லத் திருப்ப வேண்டும். சொடுக்குச் சத்தம் இரண்டு மூன்று முறை கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் அளவு பொய்யாகிவிடும். தோள் அசையவே தேவையில்லாத ஒரு வேலையில் என் வலது கை மீண்டும் பயன்பட்ட அந்த முதல் நாளில், ஓர் உருளையின் விட்டத்தை ஆசிரியர் எடுத்த அளவோடு கடைசித் தசமம் வரை ஒத்துப்போகும்படி எடுத்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது.

மூன்றாம் கட்டமான வேலை தேடலுக்கு உதவி உண்டு. சுயவிபரம் எழுதவும் நேர்முகத் தேர்வுக்குப் பழகவும் தந்த பயிற்சி போதுமானதே. எனக்கு ஐந்து மாதங்களில் வேலை கிடைத்தது. ஆனால் சட்டத்தின் பெரிய குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. எனக்கு அது நேரவில்லை என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. காயத்துக்கு முன் ஒருவர் மணிக்கு 25 டொலர் உழைத்தார் என்றும், அவருக்குத் தீர்மானிக்கப்பட்ட பொருத்தமான தொழிலின் சம்பளம் 19 டொலர் என்றும் வைத்துக்கொள்வோம். திட்டம் முடிந்தபின் அவருக்கு வேலை கிடைக்காவிட்டாலும், 19 டொலர் உழைக்கக்கூடியவராகவே கருதி, எஞ்சிய வித்தியாசத்துக்கு மட்டும் கொடுப்பனவு கணக்கிடப்படலாம். கையில் வராத சம்பளம் வந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. காயமடைந்த தொழிலாளர் அமைப்புகள் 'டீமிங்' என்று பெயரிட்டு நெடுங்காலமாக எதிர்த்துவரும் நடைமுறை இது. 1983 யூன் 1 இல் மூவாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் மாகாணச் சட்டமன்றம் இருக்கும் குயீன்ஸ் பார்க்கில் திரண்டு, சட்டமன்றக் குழுவின் விசாரணையையே வெளிப் படிக்கட்டுக்குக் கொண்டுவரச் செய்தார்கள். அந்த நாளைக் காயமடைந்த தொழிலாளர் தினமாக இன்றும் அனுட்டிக்கிறார்கள். படித்து முடித்தவருக்கு வேலை கிடைத்ததா என்று பாராமல் சம்பளத்தை மட்டும் கற்பனை செய்துகொள்ளும் விதி மாறாதவரை, இச்சேவைக்கு முழு மதிப்பெண் தர என் மனம் ஒப்பவில்லை.

சட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்பவர்களையும் குறிப்பிட வேண்டும். ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் காயப்படும் தொழிற்சாலை ஒன்று, சட்டப்படி முதலாளியாகும் ஏஜென்சி வேறொன்று. ஓராண்டுத் தொடர்ச்சி பலருக்கு இருக்காது. இருபது பேருக்குக் குறைந்த கடைகளிலும் சமையற்கூடங்களிலும் வேலை செய்பவர்களுக்கும் மீண்டும் வேலைக்கு எடுக்கும் கடப்பாடு பொருந்தாது. ஆயினும் நட்டஈடும் மீள்பயிற்சியும் அவர்களுக்கு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கோரிக்கையை ஆறு மாதங்களுக்குள் பதிவுசெய்வது அவசியம். சபையில் அறிவிக்காமல் கையில் சம்பளம் தருகிறேன் என்று முதலாளி அன்பாகச் சொன்னாலும் அதற்கு இணங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

சபையின் தீர்மானத்தோடு உடன்பாடு இல்லாவிட்டால் எதிர்க்கும் கால எல்லை இரண்டு வகைப்படும் என்பதையும் பலர் அறியாமல் தவறவிடுகிறார்கள். பெரும்பாலான தீர்மானங்களுக்கு ஆறு மாதங்கள் உண்டு. வேலைக்குத் திரும்புதல், மீள்பயிற்சி ஆகியவை பற்றிய தீர்மானங்களுக்கோ 30 நாட்கள் மட்டுமே. தொழிற்சங்கம் இருந்தால் அதன் பிரதிநிதி உதவுவார்; இல்லாதவர்களுக்கு மாகாண அரசின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது. கடிதம் வந்த அன்றே உறையைப் பிரித்துத் திகதியைக் குறித்துவிடுங்கள். முழுமையாக விளங்காவிட்டாலும் எதிர்ப்பை எழுதி அனுப்பிவிட்டு, விளக்கத்தைப் பின்னர் தேடலாம்.

காயமடைந்து 72 மாதங்கள் ஆனபோது, 2022 இல், என் கோப்பு வழமையான இறுதி மீளாய்வுக்கு வந்தது. புதிய வேலையின் சம்பளம் பழையதைவிட மணிக்கு இரண்டு டொலர் குறைவு. அந்த வித்தியாசத்துக்குரிய சிறு கொடுப்பனவு எனக்கு 65 வயது ஆகும்வரை வரும். மகள் விளம்பரங்களை எழுதிவைத்த கொப்பியை, அந்த மீளாய்வுக் கடிதத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். இப்போது நண்பர் ஒருவர் முதுகுக் காயத்தோடு அதே மேசைக்குப் போக இருப்பதால், கொப்பி இந்த வாரம் அவர் வீட்டில் இருக்கிறது.