‘பிளக் பொருந்துது சார், தைரியமா போடுங்க’: பவர் ஸ்டேஷனுக்கு சோலார் பேனல் வாங்குபவர்கள் கவனத்துக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையின் தென்பகுதியை நாள்கணக்கில் இருட்டில் போட்டது. அதற்குப் பிறகு, பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் அடங்கிய போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் வாங்கிய வீடுகள் நிறைய. பெட்டி பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வருகிறது. அதோடு சேர்த்துத் தள்ளிவிடும் பேனல், கேபிள், கன்ட்ரோலர் ஆகியவற்றில்தான் காசும் போகிறது, பெட்டியும் போகிறது.

பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் நடந்தது இது. 500 வாட்-அவர் பெட்டி. அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் ‘டிசி இன்புட் 12–28 வோல்ட், 10 ஆம்ப், அதிகபட்சம் 200 வாட்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கடைக்காரர் 100 வாட் ‘12 வோல்ட்’ பேனல் இரண்டைக் கொடுத்து, “ரெண்டையும் சீரிஸ்ல போட்டுக்குங்க, சீக்கிரம் ஏறும்” என்று, ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்துக் கேபிளையும் தானே கோத்துக் கொடுத்துவிட்டார். முதல் நாள் காலை ஒன்பது மணி வெயிலில் பிளக்கைச் செருகியதும் திரை ஒருமுறை மின்னியது, உள்ளே ‘டிக்’ என்றொரு சத்தம், கருகல் வாடை. அந்த மாடலில் சுவர் அடாப்டரும் அதே துளை வழியாகத்தான் சார்ஜ் ஏற்றும். அதனால் சோலார் மட்டுமல்ல, கரண்டிலும் இனி ஏறாது. மிச்சமிருந்த சார்ஜ் தீர்ந்ததும் பெட்டி வெறும் டப்பா.

சர்வீஸ் சென்டர் ‘ஓவர் வோல்ட்டேஜ், வாரன்டி செல்லாது’ என்று எழுதிக் கொடுத்தது. கடைக்காரர் மீட்டரை வைத்து, “பேனல் நல்லாத்தானே இருக்கு” என்றார். பேனல் நன்றாகத்தான் இருந்தது, பிரச்சினையே அதுதான். பேனலின் பின்பக்கம் ஓபன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (எதிலும் மாட்டாமல் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டேஜ்) 22.3 என்று அச்சிட்டிருந்தது. சீரிஸில் வோல்ட்டேஜ் கூடும், ஆக 44.6. பெட்டி தாங்குவது 28. இதே இரண்டு பேனலையும் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டிருந்தால் வோல்ட்டேஜ் அதே 22.3-இல் நின்றிருக்கும், கரண்ட் மட்டும் 11 ஆம்ப் பக்கம் போயிருக்கும். பெட்டி தனக்கு வேண்டிய 10-ஐ மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும். அதற்குத் தேவை, இரண்டு பேனல் வயரை ஒன்றாக்கும் ஒரு ஜோடி எம்.சி.4 (சோலார் வயர் பிளக்) ‘ஒய்’ கனெக்டர், சில நூறு ரூபாய்.

ஆம்ப் கூடினால் ஒன்றும் ஆகாது, வோல்ட் கூடினால் செத்துவிடும். கரண்ட்டை இழுப்பது பெட்டி. தன் அளவுக்கு மேல் அது இழுக்காது. வோல்ட்டேஜ் அப்படியில்லை, பிளக் உள்ளே போன நொடியிலேயே முழுசாக வந்து நிற்கும். 28 வோல்ட் இன்புட் உள்ள போர்டில் பெரும்பாலும் 35 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர்தான் இருக்கும். அதற்குமேல் போனால் கெபாசிட்டரும், பக்கத்தில் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டும் சேர்ந்து போகும்.

‘12 வோல்ட் பேனல்’ என்ற பெயரே ஆளை ஏமாற்றும். 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்யும் பேனல் என்றுதான் அதற்கு அர்த்தம். 36 செல் உள்ள அந்தப் பேனல் வேலை செய்யும்போது 18 வோல்ட் பக்கம் கொடுக்கும், சும்மா இருக்கும்போது 22. பெட்டியின் உச்ச வரம்போடு ஒப்பிட வேண்டியது அந்த 22-ஐத்தான். குளிரில் அதுவும் ஏறும். லேபிளில் உள்ள எண் 25 டிகிரிக்கானது, ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் சுமார் 0.3 சதவீதம் கூடும். ஊட்டியில் 5 டிகிரி விடியலில் 22.3 என்பது 23.6 ஆகிவிடும். சென்னையில் இந்தக் கவலை இல்லை. இங்கே மே மாதத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், வாட் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும். 100 வாட் பேனலில் 75, 80 வந்தாலே நல்ல பேனல். ‘முழுசா வரலையே’ என்று கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

மொட்டை மாடியில் ஏற்கெனவே இருக்கும் பெரிய பேனல் ஒன்றைக் கழற்றி மாட்டுகிறவர்களும் உண்டு. 540 வாட் பேனல் ஒன்றே 49, 50 வோல்ட் காட்டும். 12–60 வோல்ட் இன்புட் உள்ள பெட்டிக்கு அது ஒன்று போதும். 28 வோல்ட் பெட்டியின் பக்கமே அதைக் கொண்டுவரக் கூடாது. கனெக்டர் என்னவோ கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்த தில்லுமுல்லு கன்ட்ரோலர். ‘இது இல்லாம பெட்டி வெடிச்சிரும்’ என்று பயமுறுத்தி பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டும் ஒரு நீல நிற பி.டபிள்யூ.எம் சார்ஜ் கன்ட்ரோலரைத் தலையில் கட்டுவார்கள். பவர் ஸ்டேஷனுக்குள்ளேயே எம்.பி.பி.டி என்ற கன்ட்ரோலர் இருக்கிறது, பேனலை நேராகத்தான் கொடுக்க வேண்டும். அந்த நீலப் பெட்டி மறுமுனையில் பேட்டரி இருப்பதாக நினைத்து வேலை செய்வது. இரண்டையும் கோத்தால் திரையில் வாட் 60, 0, 40, 0 என்று குதித்துக்கொண்டே இருக்கும். ‘பெட்டி மோசம்’ என்று அதைத் திருப்பிக் கொடுக்கப் போவீர்கள். கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும்.

இனி, பொய் வாட். மடக்கும் பேனலில் ‘400 வாட்’ என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம், ஒரு டேப் போதும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் விழும் என்று வைத்துத்தான் லேபிள் போடுகிறார்கள். நல்ல பேனல் அதில் 20 முதல் 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். விரித்த பேனலில் செல் உள்ள பகுதி 1.1 மீட்டருக்கு 0.7 மீட்டர் என்றால் 0.77 சதுர மீட்டர். தலைகீழாக நின்றாலும் 170 வாட்டைத் தாண்டாது.

மீட்டர் இருந்தால் இன்னும் உறுதியாகப் பார்க்கலாம். பேனலை வெயிலுக்கு நேராகத் திருப்பி, முதலில் வோல்ட் பாருங்கள். பிறகு மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, குமிழை டிசி 10 ஆம்ப்பில் வைத்து, பேனலின் இரண்டு முனையையும் நேராகத் தொடுங்கள். பேனலை ஷார்ட் செய்வதால் அதற்குக் கேடு இல்லை. ஐந்து நொடி போதும், மலிவு மீட்டர் அதற்குமேல் சூடாகும். உண்மையான 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 5 ஆம்ப்புக்கு மேல் காட்டும். 2 காட்டினால் அது 40 வாட் பேனல். முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கே மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அடுத்த நாள் சுவர் பிளக்கில் வைத்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். 10 ஆம்ப்புக்கு மேல் தரும் பெரிய கூரைப் பேனலில் இந்த ஆம்ப் சோதனையைச் செய்ய வேண்டாம்.

கேபிளில் நடப்பது கண்ணுக்கே தெரியாத திருட்டு. மாடியிலிருந்து ஹாலுக்கு 10 மீட்டர் என்றால் போகவர 20 மீட்டர் வயர். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 ஆம்ப் ஓடினால் ஏறக்குறைய 1 வோல்ட் குறையும், போகட்டும். 1 சதுர மில்லிமீட்டர் வயரைக் கொடுத்துவிட்டால் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 18 வோல்ட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவும் வயரைச் சூடாக்கவே செலவாகிறது. செம்பு முலாம் பூசிய அலுமினியம் இன்னும் மோசம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள்.

மாற்று பிளக்குகளில் பிளஸ், மைனஸ் தலைகீழாக வருவது சகஜம். பெட்டியில் செருகுமுன் கேபிளின் கடைசி முனையில் மீட்டர் வைத்து, பெட்டியில் வரைந்திருக்கும் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மீட்டரில் மைனஸ் அடையாளம் வந்தால் தலைகீழ். 5.5 மில்லிமீட்டர் வட்ட பிளக்கில் உள்துளை 2.1, 2.5 என இரண்டு அளவு உண்டு. மாறிப் போட்டால் ஒன்று நுழையவே நுழையாது, இல்லையேல் லொடலொடவென்று ஆடிச் சூடேறி உருகும். வெயிலில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்.சி.4-ஐப் பிரிக்காதீர்கள், டிசி பொறி சட்டென்று அணையாது. பேனல் மேல் ஒரு கெட்டியான போர்வையைப் போட்டுவிட்டு, பெட்டிப் பக்கத்தைக் கழற்றிய பிறகு பிரியுங்கள்.

கார் சார்ஜரை வைத்து ‘ரெண்டு மணி நேரத்தில் ஃபுல்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். 12 வோல்ட் சாக்கெட்டில் 8 ஆம்ப் என்றால் 100 வாட் பக்கம்தான். 500 வாட்-அவர் பெட்டிக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம் இன்ஜின் ஓட வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து சோலார் துளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். 12 வோல்ட் 150 ஆம்ப்-அவர் பேட்டரி என்றால் கொடுக்கலாம், பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு. பெட்டி அதைப் பேனல் என்றே நினைக்கும், எப்போது நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. லோடு ஓடும்போது பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நீங்களே கழற்றிவிடுங்கள். இரண்டு பேட்டரி உள்ள 24 வோல்ட் செட்டில் சார்ஜ் ஏறும்போது 28.8 வரை போகும், 28 வோல்ட் பெட்டிக்கு அதுவே அதிகம். கடையில் ‘24 வோல்ட் தானே, ஓகே’ என்பார்கள்.

பள்ளிக்கரணைக்காரரின் பில்லில் ‘சோலார் செட் 1’ என்று மட்டும் இருந்தது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை. பில்லில் பெட்டியின் மாடல், அதன் இன்புட் வரம்பு, பேனலின் வாட், ஓபன் சர்க்யூட் வோல்ட்டேஜ், எத்தனை பேனல், சீரிஸா பேரலலா என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பேனலில் ஐ.எஸ். 14286 என்ற எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பில் தரமாட்டேன் என்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கருகிய பெட்டியை வேறு யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதீர்கள். சீல் உடைந்தால் ‘நீங்கதான் கை வெச்சீங்க’ என்று கடைக்காரர் அங்கேயும் வந்து சொல்வார்.