பினாங்கில் பெட்-சிடி: பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு எப்படி?

ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பெட்-சிடி (கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, புற்றுநோய் உடலில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) பிரிவு அடிப்படைகளில் கண்டிப்பாக இருக்கிறது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், தே தாரிக் (பால் தேநீர்) கூடாது. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11 மில்லிமோலைத் தாண்டினால் ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள். சரியான முடிவு. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் எஃப்டிஜி (ஊசியில் போடும், சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்து) புற்றணுக்களுக்குள் குறைவாகவே போகும். அவசரப்பட்டு இன்சுலின் போட்டால் மருந்து தசைக்குப் போய்ப் படம் கெடும்.

ஊசி, நோயுள்ள மார்புக்கு எதிர்க் கையில்தான். மருந்து கசிந்தால் அந்தப் பக்க அக்குள் நிணநீர்க் கணு ஒளிர்ந்து, நோய் பரவியதுபோல் காட்டும். பிறகு 60 நிமிடம் போர்வையோடு அசையாமல் படுக்க வேண்டும்; குளிர் பட்டால் கழுத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு (உடலுக்குச் சூடு தரும் கொழுப்பு) ஒளிரும். மருந்திலுள்ள கதிரியக்கப் பொருளான ஃபுளோரின்-18, 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து வருவோர் பாலத்து நெரிசலையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

பெரிய குறை ஒன்று. பால் சுரப்பிகளில் தொடங்கும் லோபுலர் வகைப் புற்றை எஃப்டிஜி பல நேரம் சரியாகக் காட்டாது. முன்பதிவில் கட்டியின் வகையை யாரும் கேட்பதில்லை. புற்றணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியில் ஒட்டும் எஃப்இஎஸ் என்ற வேறொரு ஸ்கேன் மருந்து (அமெரிக்காவில் 2020-இல் அனுமதி) இந்த வகைக்குக் கைகொடுக்கும். ஆனால் கல்லீரல் அதை இயல்பாகவே உறிஞ்சுவதால் அங்குள்ள கட்டி மறைந்துபோகும். மார்பகப் புற்றுக்குத் தரும் டமோக்சிஃபென் மாத்திரை அந்த ஏற்பியை அடைத்துக்கொள்ளும். எனவே எஃப்இஎஸ் ஸ்கேனை எப்போது எடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குறிப்புத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ் மட்டும் படிக்கும் அம்மாக்களுக்குத் தமிழ்த் தாள் கட்டாயம் வேண்டும்.